ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டி

"மோதிரத்தைக் கழட்டு, யுரிடியா. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

யுரிடியாவின் அப்பா டான் எலிஹியோ மேஜையை ஓங்கித் தட்டினார். விளிம்புவரை ஊற்றியிருந்த காபிக் கோப்பைகள் வைத்த இடத்தில் அப்படியே நின்றன. எதிரே நின்ற நபோர்தான் ஆடிப்போனான்.

அரைமணி நேரத்துக்கு முன்னால், வாசலில் ஏற்றத்தைப் பார்த்து நின்ற அவருடைய வோச்சோ டாக்சி, அந்தப் பழைய வோக்ஸ்வேகன் பீட்டில், ஆளே இல்லாமல் பின்னால் உருண்டது. மெக்சிகோ நகரத்துக் குவாவ்தெபெக் மலைத்தெருவில் நாற்பது அடி இறங்கி, பூட்டிக் கிடந்த தையல் கடையின் இரும்புக் கதவில் போய் மோதி நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. தெருவில் அந்த நேரம் யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.

"முப்பது வருஷம் இந்த மலையில ஓட்டினேன். பின்சக்கரத்துல டிரம் பிரேக்தான். ஒரு நாள் என் வண்டி என்னைக் கேக்காம நகர்ந்ததில்லை. இந்த மேதாவி டிஸ்க் மாட்டிப் பதினஞ்சு நாள்கூட ஆகல, வண்டி தானாவே துணி தைக்கப் போகுது."

"டிஸ்க் மேல தப்பில்லீங்க," என்றான் நபோர். கீழ்த்தெருப் பட்டறையின் மெக்கானிக். வரும் சனிக்கிழமை இந்த வீட்டு மாப்பிள்ளை. "போன மாசம் யுரிடியா அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மேலேர்ந்து இறங்கறப்ப, டிரம் சூடாகி பிரேக் பிடிக்கவே இல்லை. மண்மேட்டுல ஏத்தி நிறுத்தியிருக்கா. அதனாலதான் மாத்தினேன்."

"நான் ஓட்டினப்ப பிடிச்சுது. அவளுக்குப் பிடிக்கலையாம்."

"கிழவா, கொஞ்சம் மெதுவாப் பேசு," அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஓதிலியா குரல் கொடுத்தாள். "ஆடற ஒரு மேஜைக்காலைச் சரிபண்ண ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்ட ஆளு நீ. அடுத்தவனுக்குப் பொறுப்பு சொல்லித் தர்றியா?"

"நீ உன் முட்டையைக் கருக்காமப் பாரு." அவர் மறுபடி நபோரிடம் திரும்பினார். "காலையில எண்ணெய் மாத்திக் கொண்டாந்து வண்டியை நிறுத்தினது யாரு?"

"நான்தாங்க."

"ஹேண்ட்பிரேக் போட்டியா?"

"இந்த டிஸ்க்ல ஹேண்ட்பிரேக் கம்பி மாட்ட இடமே இல்லீங்க. யுரிடியாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அதுக்குத்தான் கட்டை செஞ்சு குடுத்தேன். காலையிலகூட கியர்ல விட்டு, பின்சக்கரத்துக்கு அந்த மஞ்சப் பெயிண்ட் அடிச்ச கட்டையை அண்டை குடுத்துட்டுத்தான் வந்தேன். கியர் மட்டும் இந்தச் சரிவுல ரொம்ப நேரம் தாங்காது."

டான் எலிஹியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நீட்டியிருந்த கால்களை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டு, முன்னைவிட உரக்கக் கத்தினார்.

"கட்டையா? எங்கே கட்டை? காட்டு பார்ப்போம்."

"தெருவுல ரெண்டு தரம் தேடிட்டேன். காணோம்."

"வெக்காத கட்டை எப்படிடா கிடைக்கும்? மறந்துட்டே. அதை ஒத்துக்க மனசில்லை. ஒரு சக்கரத்துக்குக் காவல் வெக்கத் தெரியல, நீ என் பொண்ணைக் காப்பாத்தப் போறியா?"

அதுவரை சுவரோரமாக நின்ற யுரிடியா முன்னால் வந்தாள். "நபோர், என்னைப் பார்த்துச் சொல்லு. வெச்சியா இல்லையா?"

"வெச்சேன்."

"நிச்சயமா?"

நபோர் தன் எண்ணெய்க் கைகளைப் பார்த்தான். "தினம் செய்யற வேலை, யுரி. வெச்சேன்னுதான் நினைக்கிறேன். ஆனா வெச்சிருந்தா அது அங்கேதானே கிடக்கணும்?"

"நாள் பூரா அந்த வண்டியில உக்கார்றது நான். என் முதுகுக்குப் பின்னால நாலு பேரு பிள்ளைகுட்டியோட உக்கார்றாங்க. நீ என்னடான்னா நினைக்கிறேங்கற."

நபோர் நாற்காலியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டான். "உங்க அப்பா சொல்றது சரிதான். தப்பு என்னோடதாத்தான் இருக்கும். கடைக்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன்."

யுரிடியா மோதிரத்தை உருவி மேஜைமேல் வீசினாள். அது ரொட்டித்தட்டில் பட்டுத் தெறித்து, அந்தப் பக்கம் விழுந்து, அப்பாவின் செருப்பை நோக்கி உருண்டது.

அடுத்த நொடியே அவளுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்தாள்.

"விடும்மா, நான் எடுத்துத் தர்றேன்," டான் எலிஹியோ பதறினார்.

அதற்குள் அவள் மேஜைக்கடியில் நுழைந்திருந்தாள். வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்ட நபோர் நின்றான்.

கீழேயிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது.

"காலை எடுங்கப்பா. மேஜை நபோரோட கட்டை மேல நிக்குது."