தந்தத் தகட்டுச் சகோதரிகள்

உள்ளங்கை அளவுத் தந்தத் தகட்டில் இரண்டு இளவரசிகளைத் தோளோடு தோள் சேர்த்து வரைந்திருந்தான் ஓவியன். இருவருமே நேராகப் பார்த்தபடி இருந்ததால், ஓவியத்துத் தங்கை குமுதவல்லி தன் அக்காவின் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

“அக்கா, நீ எப்படி இருப்பாய்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

“உன்னைப் போலவேதான் இருக்கிறேனாம். பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள்,” என்பாள் செங்கமலம்.

நிஜ இளவரசிகளுக்கு வெவ்வேறு தேசங்களில் கல்யாணம் நிச்சயமானது. பிரிவைத் தாங்காமல் அவர்கள் தகட்டை இரண்டாக அறுக்கச் சொல்லி, அக்கா தங்கையின் படத்தையும் தங்கை அக்காவின் படத்தையும் பதக்கமாக்கிக் கழுத்தில் அணிந்துகொண்டார்கள்.

ரம்பம் இறங்கியபோது, “தோளை விடாதே அக்கா,” என்று கெஞ்சினாள் குமுதவல்லி. வந்த பதில் ரம்பத்தின் ஓசையில் கேட்கவில்லை. இருபத்தோரு வருஷம் அந்நிய தேசத்தில், வெறும் காற்றின்மேல் தோள் சாய்த்தபடி கிடந்தாள்.

தாய் இறந்த சேதி கேட்டு வந்தபோதுதான் ராணிகள் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். தலை நரைத்திருந்த அவர்கள் கைகளை விரித்தபடி நெருங்கினார்கள். பதக்கங்களும் நெருங்கின. குமுதவல்லி முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தாள்.

“கன்னத்தில் மச்சம் இருக்கிறதே. யாருமே சொல்லவில்லையே அக்கா.”

“உனக்குச் சிரித்தால் குழி விழுகிறது,” என்றாள் செங்கமலம்.

ராணிகள் இறுகத் தழுவிக்கொண்டார்கள். பதக்கத்துப் பெண்களின் நெற்றிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.