பாக்கெட்டில் டீனா

"இதைப் பாருங்க சார். பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறா."

குணசேகர் அந்த இட்லி மாவு பாக்கெட்டை முதலாளி மேஜையில் பொத்தென்று வைத்தார்.

எதிர்க் கம்பெனி மாவு. 'பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை' என்ற வரிக்குக் கீழே டீனாவின் சிரித்த முகம். 'எங்கள் தரத்துக்கு இவர் கேரண்டி' என்று வேறு போட்டிருந்தார்கள்.

போன மாதம் வரைக்கும் இந்த ஒக்கலிபுரம் மாவுக் கம்பெனியில் குவாலிட்டி ஆபீசராக இருந்தவள்தான் டீனா.

முதலாளி ஓஸ்வால்ட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கே."

குணசேகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே வராதா? சேல்ஸ் மேனேஜர். விற்காவிட்டால் உருள்வது அவர் தலைதான்.

எதிர்க் கம்பெனி மாவு கடை ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். இவர்கள் மாவு மூன்றாம் நாளே புளித்து, பாக்கெட் உப்பிவிடும். தினமும் பாக்கெட் மாற்ற வேண்டிய மாவா என்று கடைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் கிரைண்டரை நிறுத்திவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர்கள் ரகசியம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஒரு வெள்ளைப் பவுடர். மாவில் போடுவார்கள், போடவில்லை என்று பாக்கெட்டில் அச்சடிப்பார்கள்.

"ஊரோட ஒத்து வாழ்வோம் சார். நாமளும் போட்டுடலாம்" என்று குணசேகர் ஒரு மீட்டிங்கில் சொன்னபோது குறுக்கே விழுந்தவள் டீனா.

"போடறதுன்னா, போட்டிருக்கோம்னு பாக்கெட்ல எழுதுங்க சார். எழுதாம போட்டா ஒரு லோடுக்கும் கையெழுத்து போட மாட்டேன்."

அவள் கையெழுத்து இல்லாத சரக்கை எந்தப் பெரிய கடையும் இறக்காது. ஓஸ்வால்டும் அவள் பக்கமே நின்றார். பவுடர் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்படிக் குதித்தவள், இரண்டு மடங்கு சம்பளம் என்றதும் பவுடர் கம்பெனிக்கே போய்விட்டாள்.

"படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்" என்றார் குணசேகர். "நமக்கு ஆகாத பவுடர் அவனுக்கு மட்டும் ஆகுமாம். நீங்க வேற கேக் வெட்டி அனுப்பி வெச்சீங்க."

"இத்தனை வருஷம் உழைச்ச பொண்ணு. வெறுங்கையோட அனுப்பறதா?"

"நம்ம வயித்துல அடிச்சிட்டுப் போயிருக்கா சார்."

"சம்பளம் கூட குடுத்தா நீயும்தான் போவே குணா. போய் வேலையைப் பாரு."

குணசேகர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

சில வாரம் கழித்து ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு போன். கடை வைத்திருக்கும் மமதா.

"சார், அந்த போட்டோ மாவு பேடா, வேண்டவே வேண்டாம். எல்லாப் பாக்கெட்டும் பலூன் மாதிரி உப்பி நிக்குது. ரெண்டு வெடிச்சு ஃபிரிட்ஜ் பூரா மாவு. நாளையிலேருந்து உங்க மாவையே இறக்குங்க."

குணசேகர் நம்பவில்லை. அடுத்து ஜோகுபாளையத்திலிருந்து அதே புலம்பல். சாயங்காலத்துக்குள் அவர் போன் சூடேறிவிட்டது.

எதிர்க் கம்பெனி வண்டி கடைக்கு வாரம் ஒரு தடவைதான் வரும். ஓஸ்வால்ட் வண்டியோ தினமும் விடிகாலையில் போய், பழைய பாக்கெட்டை எடுத்துக்கொண்டு புதுசு வைத்துவிட்டு வரும். வீண் டீசல் செலவு என்று குணசேகரே திட்டிக்கொண்டிருந்த ஏற்பாடு அது. இப்போது அதுதான் சோறு போட்டது.

மாதம் முடிவதற்குள் ஆர்டர் இரண்டு மடங்கானது. கம்பெனியில் புது கிரைண்டர் வந்து இறங்கியது. ஃபாதர் வந்து மந்திரித்தார், ஆபரேட்டர்கள் தங்கள் பங்குக்குத் தேங்காய் உடைத்தார்கள், குணசேகர் எல்லாருக்கும் மைசூர்பாகு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் காலம் அது, ஆடட்டுமே.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. டீனாவுக்கு போன் போட்டார்.

"என்னம்மா நடக்குது அங்கே?"

"ஒண்ணுமில்லை சார். உங்க இடத்துல பாத்த வேலையைத்தான் இங்கயும் பாக்கறேன். பவுடர் போட்ட லோடுக்குக் கையெழுத்து போடறதில்லை."

"பவுடர் போடற இடம்னு தெரிஞ்சேதானே போனே?"

"தெரியும் சார். அந்த மாதிரி இடத்துக்குத்தானே குவாலிட்டி ஆபீசர் வேணும்."

குணசேகருக்கு, இவளையா துரோகி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று கூச்சமாக இருந்தது.

"உன்னை இன்னும் வேலையை விட்டுத் தூக்கலையா?"

"எப்படித் தூக்குவாங்க? ஊர் பூரா பாக்கெட்ல என் மூஞ்சி. தூக்கினா ஏன்னு கேப்பாங்களே. எங்க முதலாளி ரித்விக் சார் இப்ப தினமும் வண்டி விடப் போறாரு. ஜாக்கிரதையா இருங்க சார், நல்ல மாவோட வரோம்."

"வாங்கம்மா, வாங்க. பாத்துடுவோம்" என்று சிரித்தபடி போனை வைத்த குணசேகர், நேராக முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"என்ன இருந்தாலும் அந்த ரித்விக் இவ்வளவு ஏமாளியா இருக்கக் கூடாது சார். ஒரு ஆளை எடுக்கறதுக்கு முன்னாடி, எப்படிப்பட்ட ஆளுன்னு விசாரிக்க வேண்டாமா?"

"விசாரிச்சாரே. எனக்குத்தான் போன் பண்ணாரு."

"ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். 'தங்கமான பொண்ணு. ஆனா தப்பான சரக்குக்கு முதலாளியே சொன்னாலும் கையெழுத்து போட மாட்டா. யோசிச்சு எடுங்க'ன்னேன்."

"அதுக்கப்புறமுமா எடுத்தாரு?"

ஓஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"'நல்ல ஆளை விட மனசில்லாம இப்படிப் பொய் சொல்றீங்களே சார்'னு சிரிச்சிட்டு வெச்சிட்டாரு."