கை பட்ட யானை

நடுவரின் கணினியில் ஓடிய மூன்று செஸ் என்ஜின் மென்பொருள்களும் சிறந்த நகர்வாக யானையையே காட்டியதை ஷைலஜா பார்த்தாள். திரையில் இருந்தது பழைய மாஸ்டர் ஒருவரின் புகழ்பெற்ற ஆட்டம். அவர் அங்கே குதிரையை நகர்த்தி ஜெயித்ததைத்தான் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்வார்கள். இன்றைய போட்டியில் அதே நிலை அவள் பலகையில் வந்தது. அவளோ யானையை நகர்த்தி ஜெயித்திருந்தாள்.

"எழுபது வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படாதது உனக்கு மட்டும் பட்டுச்சா? போனை எங்கம்மா ஒளிச்சு வச்ச?" என்றார் நடுவர்.

"குதிரையத்தான் எடுக்கப் போனேன் சார். கை நடுங்கி பக்கத்துல யானைமேல பட்டுடுச்சு. தொட்ட காயைத்தானே நகர்த்தணும்? அது போறதுக்கு இருந்ததே ஒரு கட்டம்தான்."

"அடேங்கப்பா! கை நடுங்கினா மூணு என்ஜின் மூளை வந்துடுமா?"

எதிரே ஆடிய பையனைக் கெஞ்சலாகப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தேன் சார்."

போட்டிகளில் ஆட இரண்டு வருடத் தடை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பும் பேருந்தில், ஊர் நெருங்கும்போது அம்மா அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"என்கிட்டயாவது உண்மையச் சொல்லுடி."