மாடி வீட்டுக்காரர்

வெட்டு ஆழமாக இல்லை. அம்மாவுக்கு அதுதான் கவலையாக இருந்தது. இரண்டு தையல் போட்டால் போதும் என்று நர்ஸ் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது.

"நல்லவேளை, இடது கையாப் போச்சு," என்றாள் நர்ஸ், ரத்தத்தைத் துடைத்தபடி. "ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்ல இருக்கு. பெத்த பொண்ணா இப்படிப் பண்ணினா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் தையல் கடையில் துணி வெட்டுகிறவள். கடைக்கு லீவு சொல்ல வேண்டும் என்று ஏதோ முணுமுணுத்தாள்.

சுவரோரப் பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுமே, வழக்கம்போல, ஆள் மாறிவிட்டாள். பல நாளாகச் சீப்பு படாத தலையை விரலால் கோதிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவருக்கு இடம்கூட விட்டுக்கொடுத்தாள்.

வீட்டில் அவள் இப்படி இல்லை. ஜன்னலெல்லாம் செய்தித்தாள் ஒட்டிவிட்டு மேஜைக்கடியில் படுத்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரர் சாப்பிடக் கூடாது என்கிறார், குளிக்கக் கூடாது என்கிறார் என்று அண்ணாந்து பார்த்துப் பேசினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் பூந்தொட்டி மண்ணுக்குள் கிடந்தன. இரண்டு அறை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தாய்மாமன் வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றவளை ஒரு லாரி டிரைவர் இழுத்து இறக்கினார். குதிக்கச் சொன்னது மாடி வீட்டுக்காரர்தானாம்.

அன்றைக்கே அம்மா அவளை இதே ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் மகள் பளிச்பளிச்சென்று பதில் சொன்னாள். பாலத்துக்கு எதற்குப் போனாய் என்றால், காற்று வாங்க. மாடி வீட்டுக்காரர் யார் என்றதற்குச் சிரித்தாள்.

"எங்க வீட்டுக்கு மாடியே இல்லையே டாக்டர்."

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதுக்காரர்களுக்கான மனநல வார்டில் இருப்பதே எட்டுப் படுக்கை. தனக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து என்று உறுதியானால்தான் சேர்க்க முடியும், அப்படி ஏதாவது நடந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடந்த பிறகு எதற்கு ஆஸ்பத்திரி என்று அம்மா கேட்கவில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதையே மனசுக்குள் மென்றுகொண்டிருந்தாள்.

இப்போது நடந்துவிட்டது. கட்டுப் போட்ட கையை டாக்டரின் மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அன்னைக்கே சேர்த்திருக்கணும்மா. தப்பு என்னுதுதான்."

வார்டுக்குப் போன் போட்டார். காலியாக இருந்த ஒரே படுக்கையை யாருக்கும் கொடுக்காமல் வைக்கச் சொன்னார். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அம்மா, மாற்றுத் துணியும் பல் துலக்கும் பிரஷும் பையில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா கையை யாரும்மா வெட்டினது?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"நான்தான்."

"யாராவது வெட்டச் சொன்னாங்களா?"

மகள் ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். பார்வை கீழே இறங்கியபோது முகம் தெளிந்திருந்தது.

"யார் சொல்லணும்? போனைப் பிடுங்கி வச்சுட்டாங்க. கேட்டேன், தரல. கோபம் வந்துச்சு, வெட்டிட்டேன்."

அம்மா பதறி எழுந்தாள். "அப்படி இல்ல டாக்டர். அவர் சொல்லித்தான்… சொல்லுடி பாப்பா, மாடி வீட்டுக்காரர்…"

டாக்டர் அவளைக் கையமர்த்தி உட்கார வைத்தார். மகளிடம் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவள் ஒன்றிலும் தடுமாறவில்லை. செய்தது தப்பு என்று தெரியுமா என்றதற்கும், தெரியும் என்றாள்.

"உங்க மனசு புரியுதும்மா," என்றார் டாக்டர். "பிள்ளையைக் காப்பாத்த நோய்னு சொல்றீங்க. இது நோயால பண்ணினது இல்ல. திமிரு."

மறுபடி போனை எடுத்து, அந்தப் படுக்கையை வரிசையில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடச் சொன்னார். கத்திக் காயம் என்று பதிவாகிவிட்டதால் அடுத்த அழைப்பு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அறைக்குப் போனது.

பெண் போலீஸ் ஒருவர் வந்தார். புகாரெல்லாம் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பெற்றவள் வேறு என்ன சொல்வாள் என்பது போல் அவர் கையை விடுவித்துக்கொண்டார். இன்றைக்குப் பெண்ணைக் காப்பகத்தில் வைப்போம், நாளைக்குக் காலையில் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மகளின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

கதவருகே போனவள் திரும்பி வந்தாள். அம்மாவின் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்:

"நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே நான்தான் வெட்டினேன்னு சொல்லிட்டேன்மா. அவர் பேரை மட்டும் இழுக்கக் கூடாதுன்னுட்டார்."