கோவிந்தராஜ் செய்த கிட்டார்

கல்யாணக் கச்சேரிகளில் காலமெல்லாம் கிட்டார் வாசித்த கோவிந்தராஜுக்கு, 1966-இல் பக்கவாதம் வந்து ஒரு கையின் விரல்கள் மடங்காமல் போயின. படுக்கையிலிருந்து எழுந்ததும் செஞ்சிக் கடைவீதியில் உளி வாங்கினார். முழங்கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் மற்றவர்களின் கிட்டார்களுக்குக் கம்பியை இறுக்கும் முறுக்காணிகள் செய்தார். பிறகு ஒரு முழுக் கிட்டாரையே செய்துவிட்டு, கச்சேரிக்குழு நடத்தும் தனகோட்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

தனகோட்டி வந்து, மடியில் வைத்து மீட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணே, கம்பிங்க தலைகீழா இருக்குது."

"மாத்திக் கட்டினா சரியாயிடுமா?" கோவிந்தராஜின் மனைவி ஆதிலட்சுமி அவசரமாகக் கேட்டாள்.

"ஆவாதும்மா. கம்பி தாங்குற கட்டையே அப்படித்தான் செதுக்கியிருக்குது. உங்களுக்குப் பதிலா புதுசா வந்த எங்க ஆளு இத வாசிக்க முடியாது."

நோய் புத்தியையும் தொட்டுவிட்டதோ என்று ஆதிலட்சுமி பயந்தாள். "உடம்ப கெடுத்துக்கிட்டு இதத்தான் செஞ்சீங்களா?" என்றாள்.

"உங்க ஆளுக்குன்னு யாரு சொன்னது, தனகோட்டி?"

கோவிந்தராஜ் கிட்டாரை வாங்கி, இடம் வலமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். மடங்காத இடக்கையில், கம்பியை மீட்டுவதற்காகத் தானே செதுக்கிய கொட்டாங்குச்சித் துண்டைத் தோல்வாரால் கட்டினார்.

"இத்தினி வருஷம் இடது கை அழுத்திச்சு, வலது கை மீட்டிச்சு. இனிமே வலது கை அழுத்தட்டும்."

முதல் சுரமே பிசகியது. மறுபடி வாசித்தார். அதுவும் பிசகியது.

தனகோட்டி நெருங்கி உட்கார்ந்தார்.

"வல்லத்துல தை மாசம் ஒரு கல்யாணம் இருக்குது. அதுக்குள்ள கை பழகிடுமா அண்ணே?"

கோவிந்தராஜ் வாய் திறக்குமுன் ஆதிலட்சுமி சொன்னாள்: "பழகிடும்."