ஹவார்ட்டி சாப்பிடும் விதம்

கழுவிவிட்டுத்தான் சொன்னாள்.

"சீஸைக் கழுவிப்போட்டியே?"

டென்மார்க்கில் இருந்து அவன் சிரித்தான். போனில் சிரித்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேரம் சிரிக்கிற ஆள் இல்லை அவள் புருஷன்.

"அங்கயிருந்து வந்த நாகேசக்காவின்ர சூட்கேசுக்குள்ள, செருப்போட கிடந்து வந்தது. கழுவாமல் வாயில வைக்கிறதே?"

பலகையில் அது ஈரத்தோடு கிடந்தது. வெளிர் மஞ்சள். உடம்பெங்கும் சின்னச் சின்ன ஓட்டை. பார்வைக்குச் சவுக்காரக் கட்டி.

பெயர் ஹவார்ட்டி. அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் செய்தது.

அவள்தான் கேட்டு வாங்கினாள். அங்கே காலையில் பாணோடு இதுதான் என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். போகுமுன் நாக்கைப் பழக்கிவிட வேண்டும். போன இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கலியாணம் கட்டி ஒன்பது வருஷம். சேர்ந்து இருந்தது எழுபது நாள். விசாவுக்குப் போட்டது இது மூன்றாம் முறை. இந்தக் கிழமை பதில் வரும் என்றிருந்தான்.

இன்றைக்கு அவன் விசாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சீஸைப் பற்றித்தான் பேசினான். பிரிஜ்ஜில் இருந்து எடுத்த கையோடு சாப்பிடக் கூடாதாம். அரை மணித்தியாலம் வெளியே வைக்க வேண்டுமாம். குளிர் விட்டால்தான் வாசம் வருமாம்.

பக்கத்து வீட்டு பிரிஜ்ஜில் ஒரு இரவு கிடந்த கட்டி. கிளிநொச்சி வெயிலில் பத்து நிமிஷத்திலேயே வியர்த்துவிட்டது.

மெல்லிசாகச் சீவு. பாணில் வை. அப்பிள் இருந்தால் ஒரு துண்டு கூட வை. உடனே மெல்லாதே. நாக்கில் கொஞ்ச நேரம் விடு.

கேட்ட கேள்விக்கு நாலு சொல் பேசினாலே பெரிய காரியம் என்கிற மனிதன்.

சீவினாள். காலையில் மிளகாய் பறித்த விரல். எத்தனை தரம் கழுவியும் எரிவு போகவில்லை. அந்த விரலாலேயே எடுத்து நாக்கில் வைத்தாள்.

கரைந்தது. வெண்ணெய் போல. உப்பு மெல்ல வந்தது. அதற்குப் பின்னால் லேசாக ஒரு இனிப்பு. பெரிய ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் கண்ணை மூடியிருந்தாள்.

"இது நீங்கள் தொட்ட கட்டியோ?"

"ஆர் கண்டது? கையுறை போட்டுத்தான் தொடுவம். இஞ்ச வெறுங்கை படக்கூடாது."

கண்ணைத் திறந்தாள்.

"பதில் வந்திட்டுது, என்ன?"

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மிச்சத்தை எண்ணெய்க் கடதாசியில சுத்தி வை. பிளாஸ்டிக் பை வேண்டாம். மூச்சு முட்டிப் பழுதாப் போயிடும்."

"ம்."

"இறுக்கிச் சுத்தாத. ரெண்டு கிழமைக்கு இருக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் பழகு."

"சொல்லுங்கோ. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டாள். மிளகாய்த் தோட்டத்தில் தன்னோடு வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்து விரல் மடக்கினாள். பன்னிரண்டு பேர்.

கடதாசியின் எந்தப் பக்கம் உள்ளே வர வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

மிச்சக் கட்டி முழுவதையும் பன்னிரண்டாக வெட்டினாள்.