அசல் ஆந்தை

காசாளர் மேலாளருக்குக் கூஜா தூக்குகிறவர் என்று அலுவலகத்தில் பேசாத ஆள் கிடையாது. மேலாளர் தும்மினால் இவர் கைக்குட்டையை நீட்டுவார். அவர் ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் சிரித்து முடித்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவர், அன்று மட்டும் மேலாளர் வந்துவிடக் கூடாது என்று வேண்டாத தெய்வமில்லை.

குழந்தைகள் வார்டுக்கு நிதி திரட்ட, குடியிருப்போர் சங்கம் பள்ளிக்கூட ஹாலில் ஓவியக் கண்காட்சி வைத்திருந்தது. மேலாளர்தான் சிறப்பு விருந்தினர். வரைந்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள். பல் டாக்டர் கடலை வரைந்திருந்தார். அலைகள் எல்லாம் கடைவாய்ப் பற்களாக நின்றன. காசாளரின் மனைவி, தூரிகை பிடித்து மூன்று மாதமே ஆனவள், ஒரு வெள்ளிப் பாத்திரத்தை வரைந்து நடுச்சுவரில் மாட்டியிருந்தாள்.

வினை அங்கேதான் இருந்தது. போன வருஷம் மேலாளர் வீட்டு விருந்தில் காணாமல் போன பாத்திரம் அது. அன்றிலிருந்து மேலாளர் தன் மைத்துனரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாத்திரமோ காசாளர் வீட்டுப் பரணில் பழைய போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வரைவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பரணைக் குடைந்த மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது. ஏலத்தில் எடுத்தது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்திருந்தார். அதன் படம் சுவரேறிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்ததே அன்று காலையில்தான்.

கழற்றலாம் என்றால் மனைவி பக்கத்தைவிட்டு நகரவில்லை. முன்னால் நின்று மறைத்துப் பார்த்தார். வெளிச்சம் மறைக்கிறது என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

மேலாளர் வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இதன் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காசாளருக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது.

"பிரமாதம்மா. இந்த ஆந்தை என்னையே முறைச்சுப் பாக்குற மாதிரி இருக்கு. இதை நானே வாங்கிக்கறேன்."

காசாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பெரிய மனிதர், தர்ம காரியம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். இவர் வாய் சும்மா இருந்தால்தானே?

"ஆந்தைதான் சார், அசல் ஆந்தை. நீங்க சொன்னா தப்பா இருக்குமா? அந்த மூக்கைப் பாருங்க சார்."

"மூக்கா?" மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "யார் வேணா சொல்லட்டும். பாத்திரத்தை ஏலத்துல எடுத்த நீங்களும் சொல்றீங்களா?"

மேசைக்கடியில் இருந்த பையை இழுத்தாள். யாராவது கேட்டால் ஒப்பிட்டுக் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்த அசலையே வெளியே எடுத்தாள். எடுத்து மேலாளர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார். இது ஆந்தையா, கூஜாவா?"

மேலாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் அவருடைய அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது.

மறுநாள் செய்தி தெரிந்து அலுவலகத்தில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. காசாளர் மேலாளரின் கூஜாவைத் தூக்குகிறவர் என்று இத்தனை வருஷமாக அவர்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே.